ஆறு மாதத்துக்கு வந்த துரை

பதினொரு வருடத்துக்கு முன்னால் என் அண்ணன் ஒரு கூண்டைக் கொண்டுவந்து எங்கள் ஹாலில் இறக்கினான். ஆள் உயரக் கூண்டு. உள்ளே முதுகெல்லாம் நீலமும் மார்பெல்லாம் மஞ்சளுமாக ஒரு மக்காவ். நாம் பஞ்சவர்ணக்கிளி என்று சொல்கிற ஜாதி. அலகிலிருந்து வால் நுனிவரை அளந்தால் மூன்றடிக்குக் கொஞ்சம்தான் குறையும். பெயர் துரை. வயது ஏழு.

"ஆறு மாசம்தான். குழந்தை பொறந்து எல்லாம் செட்டில் ஆனதும் வந்து எடுத்துக்கிறேன்" என்றான்.

குழந்தை பிறந்தது. எல்லாம் செட்டிலும் ஆனது. அந்தக் குழந்தை இப்போது ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். துரை இன்னும் எங்கள் ஹாலில்தான் இருக்கிறான்.

துரை ஆண் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஜாதியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வெளித்தோற்றத்தில் வித்தியாசமே கிடையாது. அண்ணன் ஒரு கம்பீரத்துக்காகத் துரை என்று வைத்துவிட்டான். ஒருமுறை வேறு எதற்கோ டாக்டரிடம் போனபோது ஓர் இறகை டிஎன்ஏ சோதனைக்கு அனுப்பினார்கள். பெண் என்று வந்தது. அதற்குள் எங்கள் வாய் பழகிவிட்டது. இன்றைக்கும் அவன், இவன், வாடா, போடாதான். என் கணவர் மட்டும் கோபம் வந்தால் "துரையம்மா" என்பார்.

வந்த புதிதில் எனக்கு அவனைக் கண்டால் நடுக்கம். காரணம் அந்த அலகு. வால்நட்டை ஓட்டோடு கொடுத்தால் ஒரு காலில் பிடித்து, நாக்கால் இரண்டு தரம் உருட்டி, இணைப்பு எங்கே என்று பார்த்து, டக். அவ்வளவுதான். நான் பாக்குவெட்டியை வைத்துக்கொண்டு திண்டாடுகிற வேலை. என் சுண்டுவிரலுக்கும் அந்த ஓட்டுக்கும் எது பலம் என்று மனது கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். முதல் மூன்று மாதம் நீளக் கரண்டியில் வைத்துத்தான் சாப்பாடு நீட்டினேன். அந்தக் கரண்டி இன்னும் இருக்கிறது. மரக்கரண்டி. நுனி இல்லை.

நான் வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறவள். நாள் முழுக்க ஹாலில் மேஜை முன்னால்தான் இருப்பேன். கூண்டைத் திறந்துவிட்டால் துரை அதன் மேல் ஏறி உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருப்பான். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் கண்காணித்தபடி நாலு மாதம் ஓட்டினோம். ஒரு நாள் மதியம் நான் ஏதோ ஒரு கூட்டலில் மூழ்கியிருந்தபோது முதுகுக்குப் பின்னால் நாற்காலி லேசாக அசைந்தது. அலகால் ஒரு பிடி, காலால் ஓர் எட்டு, மறுபடி அலகால் ஒரு பிடி என்று நாற்காலி முதுகில் ஏறி வந்து என் தோளுக்கு நேராக நின்றுவிட்டான். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். என் இடது கண்ணுக்கு இரண்டு அங்குலத்தில் அந்த அலகு. எழுந்தால் கடிப்பானா, எழாவிட்டால் கடிப்பானா?

அவன் நெற்றியோரத்தில் ஒரு முடியை எடுத்தான். ஒன்றே ஒன்று. அதை வேரிலிருந்து நுனிவரை அலகு முனையில் மெதுவாக இழுத்து, விட்டான். அடுத்த முடியை எடுத்தான். முடி ஒன்றுகூட அறவில்லை. அப்படியே வரிசையாகக் காதுவரை போய், அங்கிருந்து புருவத்துக்கு வந்து, கடைசியில் கண்ணிமை முடியைத் தொட்டான். இமை முடியை ஒவ்வொன்றாக! நாக்கு கன்னத்தில் பட்டது. கறுத்த, உலர்ந்த, கதகதப்பான நாக்கு. ஈரமே இல்லை. கண்ணை மூடிக்கொண்டால் ஏதோ ஒரு வயசாளியின் விரல் நுனி என்றுதான் தோன்றும்.

அந்த அலகைப் பற்றி நான் வைத்திருந்த கணக்கு தப்பு என்று அன்றுதான் தெரிந்தது. பலம் தப்பில்லை, அது நிஜம். நான் விட்டது வேறு ஒன்றை. கிளியின் அலகு வெறும் கொம்பு இல்லை. அதன் முனையில், உள்பக்கமாக, தொடு உணர்வுக்கான நரம்பு முனைகள் நெருக்கமாக இருக்கின்றன. கிளிகளுக்கு அலகுதான் மூன்றாவது கை. ஏறுவதற்கும் பிடிப்பதற்கும் குஞ்சுக்கு ஊட்டுவதற்கும் ஜோடியின் தலையைக் கோதிவிடுவதற்கும் அதுதான். ஓட்டை உடைக்கத் தெரிந்த அலகுக்கு உடைக்காமல் பிடிக்கவும் தெரியும். எவ்வளவு அழுத்துவது என்பதை ஒவ்வொரு முறையும் அவனேதான் முடிவு செய்கிறான்.

இதற்கு இன்னும் நல்ல உதாரணம் இறகு உதிர்த்து முளைக்கிற சமயம். பெரிய கிளி வளர்க்காதவர்களுக்கு இது தெரிந்திருக்காது. புது இறகு வரும்போது முள் மாதிரி, ஒரு வெள்ளை உறைக்குள் சுருண்டு வரும். நம் நகம் எந்தப் பொருளோ அதே பொருளாலான உறை. உடம்பில் முளைப்பதைக் கிளி தானே அலகால் கோதி உறையை உதிர்த்துக்கொள்ளும். தலையில், பின்கழுத்தில் முளைப்பதை என்ன செய்யும்? சொந்த அலகு அங்கே எட்டாது. காலால் சொறியலாம், ஆனால் அது பத்தாது. கூட்டத்தில் இருந்தால் ஜோடிக் கிளி கோதிவிடும். இங்கே ஜோடி யார்? நான்தான்.

இரவு விளக்கைக் குறைத்ததும் துரை என் மடிக்கு வருவான். தலையைக் கவிழ்த்து, கழுத்து இறகை முழுக்கச் சிலிர்த்து, என் உள்ளங்கையில் நெற்றியை வைப்பான். ஒரு கிலோ கிட்ட எடை உள்ள பறவை தலையைக் கொண்டுவந்து வைக்கும்போது அதில் ஒரு பாரம் இருக்கும் பாருங்கள், அதைச் சொல்லத் தெரியவில்லை. நான் ஒவ்வொரு முள்ளாகத் தேடி, இரண்டு விரல் நடுவில் வைத்து மெல்ல உருட்டுவேன். பழுத்த உறை என்றால் பொடிப்பொடியாக உதிர்ந்து உள்ளேயிருந்து ஒரு குட்டி இறகு விரியும். நெற்றியில் விரிவது பச்சை, கழுத்தில் விரிவது நீலம். உதிர்ந்த பொடி என் புடவையெல்லாம்.

பழுக்காத உறைக்குள் அடிப்பக்கம் கருஞ்சிவப்பாக ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். அதைத் தெரியாமல் நசுக்கினால் வலி உயிர் போகும் போலிருக்கிறது. மங்கல் வெளிச்சத்தில் எனக்குக் கண் தெரியாமல் அந்தத் தப்பை நிறைய தடவை செய்திருக்கிறேன். அப்போது துரை ஒரு சின்ன அதட்டல் போட்டுத் தலையைத் திருப்பி, என் விரலை அலகுக்குள் வாங்கிக்கொள்வான். வால்நட்டை டக் என்று உடைத்த அதே அலகு. லேசாக, ஓர் அழுத்து. கடியே கிடையாது. "அங்கே வேண்டாம்" என்பதற்கு மேல் ஒரு துளிகூட அதில் இருக்காது. பிறகு விரலை விட்டுவிட்டு, மறுபடியும் தலையைக் கவிழ்ப்பான். வலிக்க வைத்த அதே கைக்குள்.

நானானால் கடித்திருப்பேன்.

அவன் எனக்குக் கோதிவிடுவதில் ஒரே ஒரு சிக்கல் உண்டு. என் கழுத்தில் ஒரு மரு இருக்கிறது. உறை உதிராத முள் இது, பாவம் இவளுக்கு எட்டவில்லை என்று அவன் முடிவு கட்டிவிட்டான். பதினொரு வருடமாக அதை எடுத்துவிடப் பார்க்கிறான். நல்லெண்ணம்தான். ஆனால் உயிர் போகிறது. வீட்டுக்குள்ளேயே கழுத்தில் துப்பட்டா சுற்றிக்கொண்டு உட்காருகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இந்தக் கிளிகளின் சந்தோஷம் முகத்தில் தெரியும், தெரியுமா? மக்காவுக்குக் கன்னத்தில் இறகு கிடையாது. வெள்ளைத் தோல், அதில் பேனாவால் கோடு கிழித்த மாதிரி குட்டிக் குட்டிக் கறுப்பு இறகு வரிசை. அந்தக் கோடுகள் ஒரு கிளிக்கு இருப்பது போல இன்னொரு கிளிக்கு இருக்காது, நம் கைரேகை மாதிரி. நான் வெளியே போய்விட்டுத் திரும்பி வந்து அவனிடம் பேச ஆரம்பித்தால் அந்த வெள்ளைக் கன்னம் மெல்ல ரோஸ் நிறத்துக்கு மாறும். இதை நான் சொன்னபோது "உன் பிரமை" என்று கணவர் சிரித்தார். பிரான்ஸில் சில ஆய்வாளர்கள் துரையின் ஜாதி மக்காவ்களையே வைத்து இதைக் கவனித்து 2018-ல் வெளியிட்டிருக்கிறார்கள். பழகிய மனிதர் கண்ணைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தபோது கிளிகளின் கன்னம் சிவப்பதும் தலை இறகு சிலிர்ப்பதும் அதிகமாக இருந்ததாம். ஐந்தே ஐந்து கிளிகள்தான், சின்ன ஆய்வு. என்றாலும் அன்றிரவு கணவரிடம் அதைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன்.

தூங்கப் போகும்போது வேறு ஒரு முகம். கன்னத்தோர இறகுகளை முன்னால் தள்ளி அலகைப் பாதி மூடிக்கொள்வான், போர்வையை இழுத்துக்கொள்வது போல. ஒரு காலைத் தூக்கி வயிற்று இறகுக்குள் சொருகிக்கொள்வான். அப்புறம் கறுக், கறுக் என்று கீழ் அலகை மேல் அலகில் தேய்க்கிற சத்தம். முதல் தடவை கேட்டபோது ஏதோ நோய் என்று பயந்து அண்ணனுக்கு போன் போட்டேன். "அது நிம்மதியா இருக்கான்னு அர்த்தம், போய்த் தூங்கு" என்றான். இப்போது அந்தச் சத்தம் கேட்காவிட்டால்தான் எனக்குத் தூக்கம் வராது.

சரி, இவ்வளவும் படித்துவிட்டு யாராவது நாளைக்கே ஒரு மக்காவ் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். துரையின் குரல் மூன்று வீடு தாண்டிக் கேட்கும். காலையிலும் சாயங்காலமும் கட்டாயக் கச்சேரி. என் மேஜையின் ஓரம் முழுக்க மரம் அறுத்த மாதிரி இருக்கிறது. நான் சமையல்கட்டுக்குள் போய் மறைந்தால் கூப்பிடுவான். கூட்டமாக வாழ்கிற பறவை, கண்ணுக்குத் தெரியாதவர் பத்திரமாக இருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டே இருப்பது அதன் இயல்பு. முதலில் "சும்மா இருடா" என்று கத்திக்கொண்டிருந்தேன். அதையும் அவன் ஒரு பதிலாக எடுத்துக்கொண்டு இன்னும் உற்சாகமாகக் கத்தினான். பிறகு இரண்டு நீள விசில், ஒரு குட்டை விசில் என்று ஒரு பதில் வைத்துக்கொண்டேன். அவன் கூப்பிட்டால் உள்ளேயிருந்து அதை ஊதுவேன். அவனும் அதையே திருப்பி ஊதுவான். அதோடு சரி, அமைதி. ஒரு வார்த்தை பதில்தான் வேண்டியிருந்திருக்கிறது.

பாசம் காட்டுவதில் நான் செய்த பெரிய முட்டாள்தனம் ஒன்றையும் சொல்ல வேண்டும். மடியில் படுக்கிறானே என்று முதுகைத் தடவினேன். சிறகுக்கு அடியில் கதகதப்பாக இருந்தது, அங்கேயும் விரலை விட்டுக் கொஞ்சினேன். அவனும் சொக்கிப் போனான். கொஞ்ச நாளில் என்னைப் பார்த்தாலே தலையை மேலும் கீழும் ஆட்டி, இரையைக் கக்கி என் உள்ளங்கையில் வைக்க ஆரம்பித்தான். அரைத்த வால்நட், வெதுவெதுப்பாக. எனக்கு ஒரே பெருமை. அடுத்த வாரம் என் கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். காதுமடலில் மூன்று தையல்.

பறவை டாக்டர் என்னை நன்றாகத் திட்டினார். தலையும் கழுத்தும் யார் வேண்டுமானாலும் கோதலாம். முதுகு, வயிறு, சிறகின் அடி, வால் பக்கமெல்லாம் ஜோடிக்கு மட்டும். அங்கே தடவினால் இனப்பெருக்கத்துக்கான அழைப்பு என்றுதான் கிளி எடுத்துக்கொள்ளும். ஆக, நான் தினமும் இரவு "வா, கூடு கட்டலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன். அதை நம்பி அவன் வந்த போட்டியாளரை விரட்டினான். தப்பு முழுக்க என்னுடையது. கையைக் கழுத்துக்கு மேலே நிறுத்திக்கொண்டேன். கக்கித் தந்தால் சிரிக்காமல், திட்டாமல், அவனைக் கீழே இறக்கிவிட்டு வேறு வேலை பார்த்தேன். தினமும் பன்னிரண்டு மணி நேரம் இருட்டில் தூங்க வைத்தேன். இரண்டு மாதத்தில் பழைய துரை திரும்பினான். கணவர்தான் பழைய கணவராகத் திரும்ப ஒரு வருடம் ஆனது.

காக்கட்டூ என்கிற கொண்டைக் கிளி இன்னும் மோசம், மன்னிக்கவும், இன்னும் பாசம். என் தோழி வீட்டில் ஒன்று இருந்தது. வெளிர் ரோஸ் நிறம், கொண்டையை விரித்தால் உள்ளே ஆரஞ்சு. ஆளைப் பார்த்ததும் சிறகை விரித்துக்கொண்டு மார்பில் வந்து அப்பிக்கொள்ளும். கைக்குழந்தை மாதிரி தோளில் முகம் புதைத்து மணிக்கணக்கில் கிடக்கும். போட்டிருக்கும் கறுப்பு உடை வெள்ளையாகிவிடும், அவ்வளவு பவுடர் அதன் இறகில். வீடியோவில் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். இறக்கிவிட்டதும் அது போடுகிற அலறல் வீடியோவில் வராது. தோழிக்கு வேலை நேரம் மாறியபோது அது தன் மார்பு இறகைத் தானே பிடுங்க ஆரம்பித்தது. பார்க்கச் சகிக்கவில்லை. என்னைக் கேட்டால், ஒரு நாளைக்கு இருபது நிமிடம் கொஞ்சிவிட்டு மீதி நேரம் தன் பாட்டுக்கு விளையாடப் பழக்குவதுதான் அதற்குச் செய்கிற தயவு. மூன்று மணி நேரம் மடியில் வைத்துப் பழக்கிவிட்டு நாலாவது மாதம் மறப்பது கொடுமை.

ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி வைத்திருப்பவர்கள் வேறு மாதிரி அலட்டுவார்கள். பேச்சு, புத்தி, எல்லாம் அவர்களுடையதுதான். அமெரிக்க ஆய்வாளர் ஐரீன் பெப்பர்பெர்க் முப்பது வருடம் பழக்கிய அலெக்ஸ் என்ற சாம்பல் கிளி 2007-ல் இறந்தது. இறப்பதற்கு முந்தைய சாயங்காலம் அது அவரிடம் சொன்னது, "நல்லபடியா இரு, ஐ லவ் யூ, நாளைக்குப் பார்க்கலாம்" என்கிற மாதிரியான வார்த்தைகள். இதைக் கேட்டு அழாதவர் இல்லை. அதற்குச் சாவு தெரிந்திருந்தது என்றுகூடச் சிலர் சொல்கிறார்கள். அப்படி இல்லை. தினமும் இரவு கூண்டில் விட்டுவிட்டுக் கிளம்பும்போது அவர்கள் இருவருக்கும் நடுவில் இருந்த வழக்கமான பேச்சுதான் அது. எனக்கு என்னமோ அந்த வழக்கம்தான் பிடித்திருக்கிறது. 2020-ல் இன்னொரு ஆய்வு வந்தது. டோக்கன் கொடுத்தால் தின்பண்டம் கிடைக்கும் என்று பழக்கிய கிளிகளில், சாம்பல் கிளிகள் டோக்கன் இல்லாத பக்கத்துக் கிளிக்குத் தங்களிடம் இருப்பதை எடுத்துக் கொடுத்தன, தங்களுக்கு ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்தும். நீலத்தலை மக்காவ்களையும் அதே சோதனையில் வைத்தார்கள். அவை அவ்வளவாகக் கொடுக்கவில்லை. படித்தபோது துரையைத் திரும்பிப் பார்த்தேன். அவன் என் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தான்.

போன விடுமுறைக்கு அண்ணன் மகள் தனியாக வந்து பத்து நாள் தங்கினாள். யார் பிறந்ததால் துரை எங்கள் வீட்டுக்கு வந்தானோ அவள். அவளுக்கு அவன்மேல் ஏற்கெனவே ஓர் உரிமை. "எங்க கிளிதானே அத்தை இது" என்று வந்த அன்றே கேட்டாள். அவன் பக்கத்தில் எப்படி நிற்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். கண்ணின் கறுப்பு சட்சட்டென்று சுருங்கி விரிந்து, வால் விசிறியாகி, உடம்பு விறைத்தால் ஓரடி பின்னால் போய்விடு. இறகு தளர்ந்து, தலை கவிழ்ந்தால் விரலை நீட்டு. நான் இல்லாதபோது கூண்டுப் பக்கமே போகாதே.

நாலாம் நாள் சாயங்காலம் கைப்பிடிச் சுவரைப் பிடித்த மாதிரி என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கையை நீட்டினாள். மணிக்கட்டில் சிவப்பு நூலில் முடிச்சு முடிச்சாகப் பின்னிய கயிறு. பள்ளிக்கூடத் தோழி கட்டிவிட்டதாம். துரை என் தோளிலிருந்து இறங்கி, என் கை வழியாக வந்து, அந்தக் கயிற்றைப் பார்த்தான். நான் என் உள்ளங்கையை அவன் மார்புக்குக் குறுக்கே வைத்துக்கொண்டேன், எதற்கும் இருக்கட்டும் என்று. அவன் கீழ் அலகை அவளுடைய தோலுக்கும் நூலுக்கும் நடுவில் நுழைத்தான். அவ்வளவு குறுகின இடம். நான் கத்தரிக்கோலைக் கூட அங்கே விடப் பயப்படுவேன். நாக்கு நுனியால் முடிச்சைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். அவள் மூச்சே விடவில்லை. ஒரு முடிச்சு தளர்ந்தது. அப்புறம் இன்னொன்று. கடைசியில் கயிறு மொத்தமாகக் கழன்று அவன் காலடியில் விழுந்தது.

கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. துரை அதற்குள் கயிற்றைக் காலில் தூக்கி இழை இழையாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

"அத்தை, இதை ரக்‌ஷிதா கேட்டா நான் என்ன சொல்றது?" என்றாள்.

மறுநாள் காலையில் மணிக்கட்டில் மூன்று கயிறு கட்டிக்கொண்டு வந்து, என் முழங்காலைப் பிடித்தபடி கையை நீட்டினாள்.